எண்ணெயின் அடியில் தங்குவது யாது?

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தமிழ்நாட்டையும் கருநாடகத்தையும் அடுத்துக் கிடப்பது குப்பம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் அவ்வட்டாரத்தில் நிலக்கடலையும் கறவை மாடும் உழவர்க்குத் துணையாவன. அங்குச் செக்கிலாட்டிய கடலெண்ணெய் தில்லிக்கோ பம்பாய்க்கோ நம்மவர் இல்லத்திற்கு வந்து சில நாள் அசையாதிருப்பின், பாத்திரத்தின் அடியில் மண்டி படிவதுண்டு. கடை எண்ணெயோ தெளிந்திருக்கிறது. ஆதலின் ஊர் எண்ணெயில் கலப்படம் என ஐயுறுவார் உளர். அம்மண்டியில் கடலைத் துகளோடு பாஸ்போலிப்பிடு என்னும் ஒருவகைக் கொழுப்பும் இருக்கக்கூடும்.

சாதாரணக் கொழுப்பில் ஒரு கிளிசரால் மூன்று கொழுப்பு அமிலங்களைத் தாங்கி நிற்கும். பாஸ்போலிப்பிடிலோ பெரும்பாலும் மூன்றாவது இடத்தைப் பாஸ்பாரிக அமிலத்தோடு கூடிய பகுதி பிடித்துக்கொள்கிறது. அப்பகுதி நீரை நாடும். ஏனைய பகுதி எண்ணெயை நாடும். உயிரணுக்களின் மெல்லிய சவ்வு இப்பொருளாலேயே அமைகின்றது. பிரெஞ்சு வேதியியலறிஞர் கோப்லே, 1846-இல் முட்டையின் மஞ்சட்கருவில் இதனைக் கண்டார். பின்னர் மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று லெசிதின் எனப் பெயரிட்டார். மஞ்சட்கருவின் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இத்தகைய கொழுப்பே.

இதனைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்? எண்ணெய் நாட்டமுடைய கரைப்பான் ஒன்றே போதாது. ஏனெனில் இப்பொருள் உணவிலுள்ள புரதத்தோடு பிணைந்திருக்கும். அப்பிணைப்பைத் தளர்த்த மெத்தனாலும், கொழுப்பைக் கரைக்கக் குளோரோபாரமும் வேண்டும். 1957-இல் போல்ச் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் குளோரோபாரம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு என்னும் கலவையை வகுத்தனர். 1959-இல் கனடாவில் பிளை, டயர் என்னும் இருவர், மீன் தசையிலுள்ள நீரையும் கணக்கிற் கொண்டு, குறைந்த கரைப்பானில் விரைந்து முடியும் முறையை வெளியிட்டனர். இறுதியில் நீர் சேர்த்தால் கலவை இரண்டடுக்காகப் பிரியும். மேலடுக்கில் உப்பும் சர்க்கரையும் தங்கும். கீழடுக்கான குளோரோபாரத்தில் கொழுப்பு நிற்கும். காற்றுப்பட்டுக் கெடாவண்ணம் நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கரைப்பானை ஆவியாக்குவர். இக்கரைப்பான்கள் நஞ்சாதலின், இஃது ஆய்வுக்கூடத்திற்கே உரிய வேலை.

இனி அளவிடும் வகை. குளிர்ந்த அசிட்டோனில் சாதாரணக் கொழுப்புக் கரையும். பாஸ்போலிப்பிடு பெரும்பாலும் கரையாது நிற்கும். இஃது எளிய சோதனை. நுட்பமாக அறிய, கொழுப்பை அமிலத்திற் காய்ச்சிச் சிதைத்து, வெளிப்படும் பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து நீலநிறமாக்கி, நிறத்தின் ஆழத்தைக் கருவியால் அளப்பர். லெசிதினில் பாஸ்பரஸ் நூற்றுக்கு நான்கு பங்களவே ஆதலால், கண்ட பாஸ்பரஸை 25-ஆற் பெருக்கினால் மொத்த அளவு தோராயமாகக் கிடைக்கும். உணவின் உப்புப் பாஸ்பேட்டைக் கழுவி நீக்காவிடின் கணக்கு மிகையாகும். வகைகளைத் தனித்தனியே அறியச் சிலிக்கா பூசிய தகட்டிலோ உயரழுத்தக் குழாயிலோ பிரிப்பர். பாஸ்பரஸ் அணுவின் காந்த ஒத்ததிர்வைக் கொண்டும் அறிவர்.

இந்த ஆய்வினால் விளையும் பயன் யாது? பாலின் கொழுப்புத் துளிகளைப் போர்த்திருக்கும் சவ்வில் பாஸ்போலிப்பிடு உண்டு. கடையும்போது அச்சவ்வு உடைந்து, அதன் பெரும்பகுதி மோரில் இறங்குகிறது. எண்ணெய் ஆலைகளிலோ வெந்நீர் சேர்த்து, ஊறித் திரண்ட பசையைச் சுழற்றிப் பிரித்துவிடுகின்றனர். கடை எண்ணெய் தெளிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோயா எண்ணெயினின்று பிரிந்த பசையே உலர்ந்து லெசிதினாகி, சாக்லேட்டிலும் பிஸ்கோத்திலும் 322 என்னும் எண்ணோடு இடம்பெறுகின்றது. சோயா ஒவ்வாதார் இவ்வெண்ணைக் கண்டால் அதன் மூலப்பொருளையும் நோக்குதல் நலம். முட்டையினின்று எடுத்ததாயின், நம் நாட்டு விதிப்படி அப்பொட்டலத்திற்குச் சைவ உணவின் பச்சைக் குறி பொருந்தாது.

எனவே மண்டி கண்டவுடன் கலப்படம் எனத் தள்ளுதலும் தகாது. மண்டியே தூய்மைக்குச் சான்று எனக் கொள்ளுதலும் தகாது. பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சு தெளிந்த செக்கெண்ணெயிலும் கண்ணுக்குப் புலப்படாது நிற்கலாம். நல்ல கடலையைத் தேர்ந்து ஆட்டுவதே முதற்காப்பு. ஐயம் எழுந்தவிடத்து ஆய்வுக்கூடத்தின் அளவீடே துணை.