தந்தை பயிற்றுவிக்கும் அணியில் ஆடும் கல்லூரி வீரர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு வீரரின் தந்தையோ தாயோ அதே அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருப்பதுண்டு. கூடைப்பந்தாட்டத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் பல உள்ளன. யார் களமிறங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, யாருக்கு உதவித்தொகை என்பனவற்றைத் தலைமைப் பயிற்சியாளரே பெரும்பாலும் முடிவு செய்கிறார். மகனும் அவ்வணியில் இருந்தால், அம்முடிவுகள் மற்ற வீரர்களுக்கும் நியாயமாகத் தோன்றுமா என்பதே முதன்மையான கேள்வி.

பங்கிட வேண்டியவை

ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் 40 நிமிடங்கள் நடைபெறும். களத்தில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். எனவே, கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில் பயிற்சியாளர் பங்கிடக்கூடிய மொத்த நேரம் 200 நிமிடங்கள். மகனுக்கு 35 நிமிடங்கள் கொடுத்தால் மற்ற அனைவருக்கும் சேர்த்து 165 நிமிடங்களே மிஞ்சும். உதவித்தொகையும் இவ்வாறே அளவுக்கு உட்பட்டது. முதல் பிரிவு ஆடவர் அணி ஒன்று 13 பேருக்கு மட்டுமே உதவித்தொகை வழங்கலாம் என்ற வரம்பு 2025 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே மகனுக்குக் கிடைக்கும் எதுவும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவதாகும். சக வீரர்களின் மனக்குறை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

புள்ளிப் பட்டியலின் முதல் இருவர்

முதல் பிரிவு ஆடவர் வரலாற்றில் மிகுதியான புள்ளிகள் எடுத்த முதல் இருவரும் தம் தந்தையரிடம் ஆடியவர்கள் ஆவர். பீட் மராவிச், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தந்தை பிரெஸ் மராவிச்சின் கீழ் 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்கள் ஆடினார். 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தார், சராசரி 44.2. அன்று மூன்று புள்ளிக் கோடு இல்லை. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவும் அனுமதி இல்லை.

அண்டுவான் டேவிஸ், டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தில் தந்தை மைக் டேவிஸின் கீழ் ஐந்து பருவங்கள் ஆடி, 2023இல் 3,664 புள்ளிகளுடன் முடித்தார். சாதனையைச் சமன் செய்ய மூன்று புள்ளிகளே குறைந்தன.

இது தற்செயல் மட்டுமே என்று சொல்ல முடியாது. மராவிச் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 38 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். பயிற்சியாளரின் முழு ஒப்புதல் இல்லாமல் எந்த வீரரும் அவ்வளவு எறிய இயலாது. அதே வேளையில், அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் மூன்று ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்த அணி, அவருடைய கடைசிப் பருவத்தில் 22 ஆட்டங்களில் வென்றது. எனினும் அம்மூன்று ஆண்டுகளிலும் தேசியச் சாம்பியன் போட்டிக்கு அது தகுதி பெறவில்லை. தந்தை தந்த சுதந்திரம் அணிக்கு உதவியதா, மகனின் கணக்குக்கு உதவியதா என்ற விவாதத்துக்கு இரு தரப்பிலும் சான்று உண்டு.

உதவித்தொகையை விட்டுக்கொடுத்தவர்

டக் மெக்டெர்மொட் முதலில் வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் சேர ஒப்பமிட்டிருந்தார். 2010இல் தந்தை கிரெக் மெக்டெர்மொட் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானதும் மகனும் அங்கே சென்றார். 2013இல் சக வீரர் கிராண்ட் கிப்ஸுக்கு ஆறாவது ஆண்டு ஆட அனுமதி கிடைத்தது. ஆனால் அணியில் உதவித்தொகை இடம் காலியில்லை. டக் தமது உதவித்தொகையைத் துறந்து, உதவி பெறாத வீரராகக் கடைசிப் பருவத்தை ஆடினார். அப்பருவத்தின் சிறந்த வீரருக்கான தேசிய விருதுகளையும் வென்றார். மொத்தம் 3,150 புள்ளிகளுடன் கல்லூரி ஆட்டத்தை முடித்தார்.

நடுத்தர வீரரின் நிலை

மேற்கண்டவர்கள் எல்லோரும் தனித்திறன் மிக்கவர்கள். அவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. புள்ளிப் பலகையே விடை சொல்லிவிடும். உண்மையான சோதனை, அணியின் பிற வீரர்களோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும் மகனுக்கு வருகிறது. டபி ஸ்மித் 1997இல் கென்டக்கி பல்கலைக்கழகப் பொறுப்பை ஏற்று, 1998இல் தேசியப் பட்டம் வென்றார். அவர் மகன் சால் ஸ்மித் 2001 வரை அவ்வணியில் ஆடினார். பட்டம் வென்ற அணியில் இருந்தும், பிற்காலத்தில் தோல்விகள் வந்தபோது ரசிகர்களின் சினம் அடிக்கடி அவர்மீது திரும்பியது. பிற வீரர் தவறினால் அது ஆட்டத் தவறு. பயிற்சியாளரின் மகன் தவறினால் அது தந்தையின் பாரபட்சத்துக்குச் சான்று என்று பேசப்படும்.

தந்தை இடம் மாறும்போது

தந்தை வேலை மாறினால் மகனும் மாற நேரலாம். அமெரிக்கக் கால்பந்தில் டியான் சாண்டர்ஸ் 2022 டிசம்பரில் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து கொலராடோவுக்குச் சென்றபோது, அணியின் குவாட்டர்பேக்காக ஆடிய மகன் ஷெடூரும் உடன் சென்றார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே போட்டியிட்டுக் கொண்டிருந்தவர்களுக்கு இது புதிய தடை. பின்தொடரும் மகனுக்கோ, பழகிய அணியை விட்டுப் பிரிய வேண்டிய நிலை.

நம்பிக்கை உருவாகும் வழி

1998 மார்ச் 13 அன்று வால்பரைசோ பல்கலைக்கழகம், மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எதிராக இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. மிஞ்சியது 2.5 நொடி. பயிற்சியாளர் ஹோமர் ட்ரூவின் அணி ஏற்கெனவே பயிற்சி செய்திருந்த உத்தியின்படி, ஜேமி சைக்ஸ் நீளமாக எறிந்த பந்தை பில் ஜென்கின்ஸ் பிடித்துத் திருப்பிவிட்டார். ஹோமரின் மகன் பிரைஸ் ட்ரூ மூன்று புள்ளி எறிந்தார். வெற்றி 70-69.

கடைசிப் பந்து மகனிடம் போக வேண்டும் என்பது தந்தை வகுத்த உத்தி. ஆனால் அதற்குள் அது வேறு இருவரின் கைகளைக் கடக்க வேண்டியிருந்தது. பந்து மகனுக்கே உரியது என்று அவ்விருவரும் ஏற்காவிட்டால் அந்த உத்தி பயன்படாது. அந்த ஏற்பு பயிற்சிக் களத்தில் நாள்தோறும் உருவாவது: தவறுக்கு எல்லோருக்கும் ஒரே கண்டிப்பு, நேரம் குறைக்கப்பட்ட வீரருக்குக் காரணத்தை நேரில் சொல்லுதல், அணியின் உரையாடல்களை வீட்டுக்குக் கொண்டுபோகாத மகன் ஆகியவை அதற்கு அடிப்படை. இவை இல்லாத இடத்தில், தகுதியால் கிடைத்த இடமும் உறவால் கிடைத்ததாகவே பார்க்கப்படும்.