ரத்தக் கொதிப்பை அடக்கிய பாம்பு வேர்!

துறையூரை அடுத்த பெருமாள்மலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. காரிலும் மேலே போய்விடலாம். ஆனாலும் வேண்டிக்கொண்டவர்கள் படி ஏறித்தான் போகிறார்கள்.

பாதிப் படி ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்தில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும். அது நோய் அல்ல. மேலே போய்க் கொஞ்ச நேரம் காற்றாட உட்கார்ந்தால் அழுத்தம் தானாக இறங்கிவிடும்.

சிலருக்கோ படி ஏறாமலே அழுத்தம் ஏறுகிறது. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இறங்குவதில்லை. அதுதான் ரத்தக் கொதிப்பு. பெயர்தான் கொதிப்பு! ரத்தம் கொதிப்பதும் இல்லை, சூடாவதும் இல்லை. ரத்தம் குழாயின் சுவரை அளவுக்கு மீறி அழுத்துகிறது. அவ்வளவுதான். 120-க்கு 80 என்பது நல்ல அளவு. பல முறை பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர்கள் அதை ரத்தக் கொதிப்பு என்கிறார்கள்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆள் நன்றாகவே நடமாடுவார். உள்ளே மூளை, இதயம், சிறுநீரகம், கண் எல்லாம் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டு வரும். ஒரு நாள் கை கால் விழுந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும்.

நாயின் உடம்பில் ஏறிய பாதரசம்

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மோட்டார் வேகமாக ஓடினால் குழாயில் அழுத்தம் கூடும். குழாயின் வாயைச் சுருக்கினாலும் கூடும். தண்ணீரின் அளவு பெருகினாலும் கூடும். உடம்பில் மோட்டார் இதயம்; குழாய் ரத்த நாளம்; தண்ணீர் ரத்தம். இந்த மூன்றையும் கூட்டவும் குறைக்கவும் உடம்புக்குள்ளேயே சில சுரப்பிகள் இருக்கின்றன. அவை ரத்தத்தில் கலக்கும் பொருளுக்கு "ஹார்மோன்" என்று பெயர்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஆளுக்கொரு சின்னச் சுரப்பி இருக்கிறது. 1893-94 குளிர்காலத்தில் ஜார்ஜ் ஆலிவர் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தச் சுரப்பியின் சாற்றை லண்டனுக்கு எடுத்துப் போனார். அங்கே ஷேஃபர் என்ற பேராசிரியர் ஒரு நாயின் ரத்த அழுத்தத்தைப் பாதரசக் குழாயில் அளந்துகொண்டிருந்தார். சாற்றை ஊசி மூலம் நாய்க்கு ஏற்றினார்கள். பாதரசம் கிடுகிடுவென்று மேலே ஏறியது! பேராசிரியர் பிரமித்துப் போனார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் அட்ரினலின். படி ஏறும்போதும், பயப்படும்போதும், கோபப்படும்போதும் அழுத்தத்தை ஏற்றுவது அதுவும், அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலினும்தான்.

1898-ல் சுவீடன் நாட்டில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலும் அழுத்தத்தை ஏற்றும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அதற்கு ரெனின் என்று பெயர். ரெனின் கிளம்பினால் ஆஞ்சியோடென்சின் உண்டாகிறது. அது ரத்த நாளங்களை இறுக்குகிறது. அதோடு நிற்காமல் அந்தத் தொப்பிச் சுரப்பியைத் தட்டி எழுப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொன்றைச் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் உடம்பிலுள்ள உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். ரத்தத்தின் அளவு பெருகும். அழுத்தம் ஏறும்.

ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைக்கும்படி டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். சுரப்பியும் உப்பைப் பிடித்து வைக்கிறது. நாமும் மேலும் மேலும் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்?

பம்பாய் டாக்டரின் 50 நோயாளிகள்

இந்த ஹார்மோன்களை அடக்க முதலில் கை கொடுத்த மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் செடி. சர்ப்பகந்தி என்று பெயர். அதன் வேர் பாம்பு போல் வளைந்திருக்கும். பாம்புக் கடிக்கும், சித்தப் பிரமைக்கும், தூக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் அதை வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள்.

1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்காள டாக்டர்கள், இந்த வேர் பைத்தியத்தை மட்டுமல்ல, ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற விஞ்ஞானி வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் "அஜ்மலின்" என்று பெயரிட்டார். வெளிநாட்டார் இவர்களுடைய எழுத்தை அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தவர் பம்பாய் இதய டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். ரத்தக் கொதிப்புக்காரர்கள் 50 பேருக்கு அவர் இந்த வேர் மாத்திரையைக் கொடுத்து, வாரந்தோறும் அழுத்தத்தைக் குறித்து வந்தார். பெரும்பாலோருக்கு அழுத்தம் இறங்கியது. 1949-ல் இந்தக் கணக்கு இங்கிலாந்தின் இதய மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. உலகம் திரும்பிப் பார்த்தது! 1952-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் வேரின் முக்கியச் சத்தைப் பிரித்து, ரிசர்பின் என்று பெயரிட்டார்கள். 1957-ல் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரிசர்பின் என்ன செய்கிறது? நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ரிசர்பின் அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடுகிறது. நாளங்களை இறுக்க ஆள் இல்லை. அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் குறையும் இருந்தது. மூக்கடைப்பு, சோர்வு, சிலருக்கு மனச்சோர்வு. அதனால் மற்ற மருந்துகள் வர வர ரிசர்பின் பின்னுக்குப் போயிற்று. வேரைத் தோண்டித் தோண்டி எடுத்ததில் சர்ப்பகந்திச் செடியும் அருகிப் போயிற்று. அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு போடும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது. வேரைக் கடையில் வாங்கித் தாமாக அரைத்துக் குடிப்பது ஆபத்து.

வேருக்குப் பிறகு விஷம்

பாம்பு வேருக்குப் பிறகு பாம்பு விஷமே உதவிக்கு வந்தது! பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை செர்ஜியோ ஃபெரைரா என்ற விஞ்ஞானி 1960-களில் ஆராய்ந்தார். ஆஞ்சியோடென்சின் உண்டாகாமல் தடுக்கும் வழி அதில் கிடைத்தது. அதைப் பார்த்துச் செய்த காப்டோபிரில் 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. "பிரில்" என்று முடியும் மாத்திரைகள் எல்லாம் அந்த வம்சம். "சார்ட்டன்" என்று முடிபவை ஆஞ்சியோடென்சின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடுகின்றன. "லால்" என்று முடிபவை பலவும் அட்ரினலினின் கட்டளை இதயத்தை எட்டாமல் மறிக்கின்றன. நீர் பிரிக்கும் மாத்திரைகள் உப்பை வெளியே தள்ளுகின்றன.

மாத்திரை சுரப்பியின் கையைப் பிடித்து நிறுத்துகிறதே தவிர, சுரப்பியை மாற்றிவிடுவதில்லை. கையை விட்டால் அது பழைய வேலையைத் தொடங்கிவிடும். "அளவு சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மாத்திரை சாப்பிட்டதால்தான் அளவு சரியாக இருந்தது! "லால்" வகையைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சு வலியும்கூட வரலாம்.

மாத்திரை வாங்கப் பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும் என்று விட்டவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இவர்களுக்காகத்தான் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வாசலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குப் போவது வீட்டாரின் பொறுப்பு.

அதிமதுரம் செய்யும் வேலை

"பிரில்" மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வருவது உண்டு. இருமலுக்கு நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். எப்போதோ ஒரு துண்டு மென்றால் மோசம் இல்லை. நாள்தோறும் தொடர்ந்தால், அதிமதுரத்தின் சத்து உடம்பிலுள்ள இன்னொரு ஹார்மோனை ஆல்டோஸ்டிரோன் போல நடக்க வைத்துவிடுகிறது. உப்பு தங்குகிறது. மாத்திரை இறக்கிய அழுத்தத்தை அதிமதுரம் ஏற்றுகிறது!

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவும், ஸ்டீராய்டு மாத்திரைகளும், சில கருத்தடை மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றக் கூடியவை. "பிரில்", "சார்ட்டன்" இரண்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இருமல்காரர் அதிமதுரத்தைத் தேட வேண்டியதே இல்லை. "இந்த மாத்திரை தொடங்கியது முதல் இருமுகிறேன்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரும்பாலும் அவர் "பிரில்" மாத்திரையை அடித்துவிட்டு "சார்ட்டன்" எழுதிக் கொடுப்பார். சில வாரங்களில் இருமல் நின்றுவிடும்.