தண்ணிக்குள்ளே படம் எடுப்போமா?



கடலுக்கு அடியில் எடுத்த படங்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். பவளப்பாறை, அதன் இடுக்கில் ஒளிந்துகொள்ளும் குட்டி மீன், சாவகாசமாக நீந்திப் போகும் ஆமை... "இதையெல்லாம் எப்படிடா எடுத்தாங்க?" என்று வாயைப் பிளந்திருப்போம். நம்ம ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு இருக்கு, கிணறு இருக்கு, பக்கத்தில் வரதமாநதி அணை இருக்கு. கடல் மட்டும்தான் இல்லை. அதனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கலையின் முதல் பாடத்தைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியிலேயே படிக்கலாம். நான் புத்தகத்தில் படித்ததையும் தொட்டியில் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது யார்?

1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவை ஒரு பெட்டிக்குள் வைத்துப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. 1893-இல் பிரான்ஸ் நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், முழுக்கு உடை போட்டுக்கொண்டு தானே கடலுக்குள் இறங்கிப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூட அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்ததாம்! நாம் செல்போனில் ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கிறோம்.

கடலுக்கு அடியில் முதல் கலர் படம் எடுத்தது 1926-இல், அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில். லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் எடுத்தார்கள். கடலுக்கு அடியில் வெளிச்சம் போதாது. அதனால் தண்ணீருக்கு மேலே மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்தப் பளிச் வெளிச்சத்தில் ஒரு மீனைப் படம் பிடித்தார்கள்.

தண்ணீர் செய்யும் மூன்று சேட்டைகள்

நல்ல கேமரா வாங்கினால் நல்ல படம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

1) தண்ணீர் நிறத்தைத் திருடும். சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும். தெளிந்த கடலிலேயே சுமார் 5 மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதற்குப் பிறகு மஞ்சள். மிஞ்சுவது நீலம். 20 மீட்டர் ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் வருகிற ரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும்! ஆழம் மட்டும் கணக்கில்லை. 5 மீட்டர் ஆழத்தில், 2 மீட்டர் தள்ளி இருக்கும் மீனைப் படம் எடுத்தால், ஒளி தண்ணீருக்குள் 5 + 2 = 7 மீட்டர் வந்திருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் நிறம் திருடு போகும். நம் கிணத்துத் தண்ணீர் மட்டும் ஏன் பச்சை? அதில் இருக்கும் பாசி, சிவப்போடு நீலத்தையும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் பச்சை.

2) தூரத்தைப் பொய்யாகக் காட்டும். பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் படிக்கிறோம் அல்லவா? அதே சமாச்சாரம்தான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. அதனால் 4 அடி தூரத்தில் உள்ள பொருள் 3 அடியில் இருப்பது போலத் தெரியும், பெரிதாகவும் தெரியும். "கைக்கு எட்டும்" என்று கையை நீட்டினால் எட்டாது.

3) கலங்கலைப் பெரிதாக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டத்தில் பஸ் ஹெட்லைட்டைப் போட்டால் என்ன ஆகும்? ரோடு தெரியாது, எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் ஃபிளாஷ் போட்டாலும் அதே கதைதான். மிதக்கும் தூசியெல்லாம் பளபளவென்று படத்தில் விழும்.

மூன்று சேட்டைக்கும் ஒரே மருந்துதான்: கிட்டே போ! கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, படம் அவ்வளவு நல்லா வரும். ஜூம் செய்து இழுப்பது கிட்டே போவது ஆகாது. ஜூம் செய்தாலும் நடுவில் இருக்கும் தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

செய்து பாருங்கள் (செல்போன் நனையாது!)

தேவையானவை: தண்ணீர் நிறைந்த தொட்டி, சிறிய கண்ணாடி மீன்தொட்டி, கேமரா உள்ள செல்போன் (வீட்டில் கேட்டு வாங்குங்கள்), ஒரு பத்து ரூபாய் நாணயம்.

நாணயத்தைத் தொட்டியின் அடியில் போடுங்கள். மீன்தொட்டிக்குள் செல்போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். மீன்தொட்டியின் அடிப்பாகம் மட்டும் நான்கு விரல் ஆழம் தண்ணீருக்குள் இறங்கும்படி அமுக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். விளிம்பு தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டால் வசதி. அலையும் சூரியக் கண்கூச்சமும் இல்லாமல் நாணயம் அழகாகத் தெரியும்.

இப்போது ஒரு கைப்பிடி மண்ணைத் தண்ணீரில் கலக்குங்கள். இரண்டு அடி தூரத்திலிருந்து ஒரு படம். நாணயத்தை ஒரு செங்கல் மேல் வைத்து, அரை அடி தூரத்திலிருந்து இன்னொரு படம். நான் எடுத்தபோது முதல் படத்தில் நாணயம் வெறும் மஞ்சள் பொட்டு. இரண்டாவதில் 10 என்ற எண்ணைப் படிக்க முடிந்தது. அதே செல்போன், அதே தண்ணீர்! ஃபிளாஷ் போட்டும் ஒன்று எடுத்துப் பாருங்கள், பனிமூட்டக் கதை புரியும்.

கேமராவை உண்மையிலேயே இறக்கும்போது

* "ஐபி 68" என்று போட்ட போன்களை நல்ல தண்ணீரில்தான் சோதிக்கிறார்கள். கடல் உப்புத் தண்ணீருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பழைய போன், கீழே விழுந்த போன் என்றால் நம்பவே கூடாது.
* வாட்டர்புரூஃப் பை வாங்கினால், முதலில் போனுக்குப் பதில் ஒரு டிஷ்யூ பேப்பரையும் ஒரு கல்லையும் உள்ளே போட்டு, அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால்தான் பை நல்ல பை.
* தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. வீடியோவை ஓடவிட்டுப் பிறகு இறக்கலாம், அல்லது வால்யூம் பட்டனை அமுக்கிப் படம் எடுக்கலாம்.
* கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மணல் இருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும்.
* கடலில் எடுத்து முடித்ததும் உறையைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். காய்ந்த பிறகு திறங்கள்.
* வெயில் உச்சியில் இருக்கும் நேரம் நல்லது. தண்ணீருக்குள் வெளிச்சம் அதிகமாக இறங்கும்.

படத்தைவிட உயிர் பெரிது

எனக்குச் சித்தப்பாதான் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தார். கேமரா இல்லாமல் நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான் கேமராவோடு இறங்கலாம். தனியாகக் கிணத்திலோ அணையிலோ ஒருபோதும் இறங்காதீர்கள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதா? போனால் போகட்டும், பின்னாடியே குதிக்காதீர்கள்.

கடலில் காற்றுச் சிலிண்டரோடு இறங்குவதற்கு முறையான பயிற்சி வேண்டும். ஏன் தெரியுமா? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், பாயில் விதிப்படி நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடலாம். அதனால் "மூச்சை அடக்காதே" என்பதுதான் அங்கே முதல் பாடம்.

எதற்காக இந்தப் படம்?

அழகுக்கு மட்டும்தானா? இல்லை நண்பர்களே. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அந்தத் தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் முன்பு பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்த வேலியை நாமே பிடுங்கிவிட்டோம்.

பவளம் கல் இல்லை, உயிருள்ள விலங்கு. அதன் உடம்புக்குள் வாழும் நுண்ணிய பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது.

இதை மேலே படகில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியுமா? தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் போன்றவர்கள் கடலுக்குள் இறங்கித்தான் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இந்த வேலையில் படம் என்பது டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரே மாதிரி. போன வருஷம் எடுத்த அதே இடத்தை இந்த வருஷமும் எடுத்து ஒப்பிட்டால்தான் எது வளர்ந்தது, எது செத்தது என்று சொல்ல முடியும். படம் முழுக்க நீலம் பூசியிருந்தால் பவளம் பழுப்பா வெளுப்பா என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை வைத்தும் படம் எடுக்கலாம். பலகை வெள்ளையாகத் தெரியும்வரை கலரைச் சரிசெய்தால், பவளத்தின் உண்மை நிறம் வந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருந்தால் அளவும் தெரியும்.

ஒன்று முக்கியம். பூங்கா பகுதிக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2001-இலிருந்து பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. புலியைப் போலவே அதற்கும் பாதுகாப்பு! ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம். பவளத்தின் மேல் காலை ஊன்றி நின்று படம் எடுப்பதும் அதைக் கொல்வதுதான். தொடாமல், மிதிக்காமல், தரையை உதைத்துக் கலக்காமல் மிதக்கத் தெரிந்தவர்தான் நல்ல படக்காரர்.

உங்களுக்கு ஒரு கேள்வி: கிணத்துக்குள் 3 மீட்டர் ஆழத்தில் கயிற்றில் கட்டி இறக்கிய சிவப்பு வாளியை நேர் மேலே இருந்து பார்க்கிறீர்கள். உச்சி வெயில். அந்த வாளியைப் பார்க்க, ஒளி தண்ணீருக்குள் மொத்தம் எத்தனை மீட்டர் பயணம் செய்திருக்கும்? வாளி என்ன நிறமாகத் தெரியும்? விடையை எழுதி, பெயர், வகுப்போடு சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள்.



— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு