தரவுத்தளப் படியாக்கமும் மூலப்படிச் சிக்கலும்

உறவுநிலைத் தரவுத்தளம் ஒன்றைப் பல வழங்கிகளில் படியெடுத்து ஒத்திசைவாகப் பேணுதல் படியாக்கம் எனப்படும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுதும் உரிமை பொதுவாக முதன்மை வழங்கி ஒன்றுக்கே உரியது. அது தன்னிடம் நிகழும் மாற்றங்களை வரிசை பிறழாமல் ஒரு பதிவேட்டில் குறிக்கிறது. துணை வழங்கிகள் அப்பதிவேட்டைப் பெற்று, அதே வரிசையில் அம்மாற்றங்களைத் தம்மிடமும் நிகழ்த்துகின்றன. இயல்பான அமைப்பில் முதன்மை வழங்கி துணைகளின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை. விரைவு கருதிய ஏற்பாடு இது. ஆயின் படி மூலத்தினும் சற்றுப் பிந்தியிருக்க இஃது இடந்தருகிறது.

இவ்விடைவெளியின் விளைவை 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் நேர்ந்த இடையூறு காட்டும். அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்தின் இணைப்பு 43 நொடிகள் அறுபட்டது. உடனே மேலாண்மை மென்பொருள் மேற்குக் கரை வழங்கிகளைத் தானாகவே முதன்மையாக்கியது. கிழக்கில் இறுதியாக எழுதப்பட்டவை அப்போது மேற்கை அடைந்திருக்கவில்லை. மேற்கிலோ புதியன சேரத் தொடங்கின. இரண்டும் மெய்ப்பதிவுகள், இரண்டும் குறையுடையவை. ஒரு மூலத்திலிருந்து கிளைத்த இரு சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் இட்டு இரண்டையும் காக்கலாம், தரவுத்தளத்துக்கு அவ்வாய்ப்பில்லை. நிறுவனம் மேற்கின் படியை ஏற்றது. சேவை சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. கிழக்கில் தங்கிவிட்ட பதிவுகள் பின்னர்த் தனியே ஆராயப்பட்டன. மிகுதியாகப் பயன்படும் வழங்கித் தொகுதி ஒன்றில் மட்டும் அவை 954.