கருவியும் விவரணமும்: செயற்கை நுண்ணறிவு முகவர்கள் அழைக்கும் மென்பொருட்கள் பற்றிய ஒரு நோக்கு

கருவியை ஆக்குவோரும் அதனைக் கையாள்வோரும் வெவ்வேறு மாந்தராகப் பிரிந்த காலந்தொட்டு, அக்கருவி யாது செய்யும், யாது செய்யாது என்பதைச் சொற்களில் அமைத்துக் கூறும் தேவை இருந்து வந்துள்ளது. கையாள்வது மனிதராக அன்றி இன்னொரு பொறியாக அமையும் இக்காலத்தில் அத்தேவை பன்மடங்கு பெருகியுள்ளது.

பெருமொழி மாதிரிகள் சொற்களைத் தொடுத்து விடைகூற வல்லவை. ஆயின், நாளைய காற்றின் வேகத்தை அவை தாமாக அறியா. இத்தகைய பணிகளுக்கு அவை புறத்தேயுள்ள மென்பொருட்களை அழைக்கின்றன. அவ்வாறு அழைத்துப் பெற்ற விடையைக் கொண்டு அடுத்த செயலைத் தீர்மானிக்கும் அமைப்பே முகவர் எனப்படுகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளில் இவ்வசதியை அளித்தது. 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் மாதிரிகளையும் கருவிகளையும் இணைப்பதற்கென 'மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டகோல்' என்னும் பொது வரைமுறையை வெளியிட்டது. இவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரணம், வேண்டப்படும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகியன தரப்படும். பொதுவாக, மாதிரி கருவியின் உட்புறத்தைக் காண்பதில்லை. அது காண்பது இவற்றை மட்டுமே.

இதன் பொருளைத் திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலே, கொக்கிளாய்க் களப்பை அண்டியுள்ள புல்மோட்டையைக் கொண்டு விளக்கலாம். 1957இல் நிறுவப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம் அவ்வூர்க் கடற்கரை மணலிலிருந்து இல்மனைற், உரூற்றைல், சேர்க்கன் முதலிய கனியங்களைப் பிரிக்கும் தொழிலுக்கு வழிகோலியது. காந்தப் பொறி இல்மனைற்றை ஈர்க்கும். உரூற்றைலையும் சேர்க்கனையும் வேறுபடுத்தாது. உரூற்றைல் மின்னைக் கடத்துவது, சேர்க்கன் கடத்தாதது. ஆதலால் அவ்விரண்டையும் பிரிப்பது நிலைமின் பொறியே. இரு பொறிகளிலும் 'மணல் பிரிக்கும் பொறி' என்று மட்டும் எழுதிவைத்தாலும், தொழிலாளி தன் அனுபவத்தால் வேறுபாட்டை அறிவார். முகவருக்கு அவ்வனுபவம் இல்லை. பலகையில் எழுதியிருப்பதே அதன் அறிவு.

அவ்வூர்க் கடற்றொழிலாளர் ஒருவர், நாளை கடலில் காற்று எவ்வாறிருக்கும் எனத் தமிழிலே முகவரிடம் வினவுவதாகக் கொள்வோம். வானிலைக் கருவி '40' என்னும் எண்ணைத் தருகிறது. அது மணிக்குக் கிலோமீற்றரா, நொட்டா? 40 நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீற்றர். அலகு பற்றிய குழப்பம் அற்பமானதன்று. 1999இல் அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்தமைக்கு, ஒரு மென்பொருள் பிரித்தானிய அலகிலே தந்த எண்ணை மற்றொன்று மெற்றிக் அலகாகக் கொண்டமையே காரணமாயிற்று.

அடுத்தது ஊர்ப்பெயர். தமிழில் புல்மோட்டை, சிங்களத்தில் புல்முடே. ஆங்கில எழுத்திலோ பல வடிவங்கள். கருவி எவ்வடிவத்தை ஏற்கும் என்பது கூறப்படாவிடின் முகவர் ஊகிக்கும். கடல்சார் எதிர்வுகூறல்களோ பெரும்பாலும் முல்லைத்தீவு, திருகோணமலை போன்ற இடங்களைச் சுட்டி நீண்ட கரைப்பகுதிகளுக்கே தரப்படுகின்றன. எப்பகுதியில் இவ்வூர் அடங்கும் என்பதும் விவரணத்தில் இடம்பெற வேண்டும். இறுதியாக, தரவு இல்லாதபோது கருவி '0' எனத் திருப்பினால், காற்றே இல்லை என முகவர் கூறிவிடக்கூடும். 'தரவு இல்லை' என்று திருப்புவதே நேர்மையான கருவியின் இலக்கணம்.

எனவே நல்ல விவரணம் கருவியின் பயனையும் எல்லையையும், உள்ளீட்டின் வடிவத்தையும் அலகையும், தோல்வியின் அடையாளத்தையும் கூறுவதாக அமையும். ஆயினும் எழுதியதனால் மட்டும் பணி முற்றுப்பெறாது, மதிப்பீடும் இன்றியமையாதது. உரிய கருவி தெரிவுசெய்யப்பட்டதா, உள்ளீடுகள் சரியா, விடை திரிபின்றி எடுத்துரைக்கப்பட்டதா என்பன தனித்தனியே நோக்கப்பட வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட தரவரிசை, பொருத்தமான கருவி இல்லாதவிடத்து அழையாதிருக்கும் திறனையும் அளக்கிறது. அதே ஆண்டில் வெளியான 'டௌ-பெஞ்ச்' சோதனை ஒரே பணியைப் பலமுறை செய்வித்தது. சில்லறை வணிகப் பணிகளில் எட்டு முறையும் பிழையின்றி நிறைவேற்றியமை, அன்றைய முன்னணி மாதிரிகளிலும் நூற்றுக்கு 25க்குக் குறைவாகவே இருந்தது. ஒருமுறை சரியாகச் செய்வது வேறு. நம்பத்தக்கதாக இருப்பது வேறு.

இவ்விடத்திலேதான் சமூகப் பிரச்சினை தலைதூக்குகிறது. விவரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. சோதனை வினாக்களும் அவ்வாறே. ஆங்கில வினாவிற்குச் செம்மையாக இயங்கும் கருவி, பேச்சுத் தமிழில் எழும் வினாவிற்கும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. பிழை நேரின் இழப்பு அதனை ஆக்கிய நிறுவனத்தின் மீதன்று, தோணியில் இறங்கியவர் மீதே விழும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை படிவங்களோடும் பெயர்ப்பலகைகளோடும் நின்றுவிடலாகாது. பொதுச்சேவைக்கென அமைக்கப்படும் கருவிகளின் விவரணங்கள் மக்கள் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். அவற்றைச் சோதிக்கும் வினாக்கள் கரையோரத் தமிழிலும் அமைதல் வேண்டும். அவ்வினாக்களைத் தொகுப்பதில் கடற்றொழிலாளரும் பங்குகொள்ளல் வேண்டும். மொழியியலும் கணினியியலும் பயிலும் எமது மாணவர் கூடிச் செய்யத்தக்க ஆய்வு இதுவேயாகும்.