இரத்தச்சோகை: எல்லாவற்றுக்கும் இரும்பு மாத்திரை மருந்தாகுமா?

"உடம்பில் இரத்தமே இல்லை" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வதுண்டு. முகம் வெளிறியிருந்தாலும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலும், பிள்ளை வகுப்பில் தூங்கி வழிந்தாலும் இதே பேச்சுதான். உடனே மருந்தகத்துக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்துவிடுவார்கள். பலருக்கு அது பலன் தரும். சிலருக்கு எத்தனை மாதம் விழுங்கினாலும் ஒரு மாற்றமும் தெரியாது. ஏன் இப்படி?

இரத்தச்சோகை என்பது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் நம் நாட்டில் அதிகம் காணப்படும் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம். ஒன்று இரும்புச்சத்துக் குறைபாடு. மற்றொன்று பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் தலசீமியா.

செங்கல்லும் சிமெண்டும்

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் நுரையீரலிலிருந்து பிராணவாயுவை எடுத்துச் சென்று உடல் முழுவதும் சேர்க்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். இறந்துபோகும் அணுக்களை ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் 2 மில்லியன் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். அதில் குளோபின் என்ற புரதச் சங்கிலிகள் நான்கு உள்ளன. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஒவ்வொரு சங்கிலியிலும் ஓர் இரும்பு அணு பொதிந்திருக்கும்.

சுவர் எழுப்பச் செங்கல்லும் வேண்டும், சிமெண்டும் வேண்டும். அதுபோல ஹீமோகுளோபினுக்கு இரும்பும் வேண்டும், குளோபினும் வேண்டும். எது குறைந்தாலும் வேலை நின்றுபோகும். ஆனால் செங்கல் இல்லாத இடத்தில் சிமெண்டு மூட்டைகளை மட்டும் இறக்கிக்கொண்டே இருந்தால் சுவர் எழும்பாது, மூட்டைகள்தாம் குவியும்.

இரும்பு குறையும்போது

உலகில் மிக அதிகமாகக் காணப்படும் இரத்தச்சோகை இதுதான். மாதவிடாயில் அதிக இரத்தம் இழக்கும் பெண்கள், கர்ப்பிணிகள், வேகமாக வளரும் பிள்ளைகள் ஆகியோர் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். களைப்பு, மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல், நகம் உடைதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு ஐஸ் கட்டி, மண், பச்சரிசி போன்றவற்றைத் தின்னும் ஆசையும் வரும்.

மாத்திரை எடுத்துக்கொண்டால் சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். அது சரியான அளவை எட்டிய பிறகும் சுமார் மூன்று மாதங்கள் தொடர வேண்டும். அப்போதுதான் உடலின் சேமிப்பு நிரம்பும். மலம் கருப்பாகப் போவதைக் கண்டு பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேயிலையிலுள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி நிறைந்தவை உறிஞ்சுதலைக் கூட்டும்.

இன்னொன்றும் முக்கியம். வயதான ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். புண்ணோ புற்றுநோயோ காரணமாக இருக்கலாம். அங்கே மாத்திரை மட்டும் போதாது.

புரதம் குறையும்போது

தலசீமியாவில் இரும்புக்குப் பஞ்சமில்லை. குளோபின் சங்கிலியை உருவாக்கும் மரபணுவில்தான் பழுது. ஆல்ஃபா சங்கிலி குறைந்தால் ஆல்ஃபா தலசீமியா. பீட்டா குறைந்தால் பீட்டா தலசீமியா.

பீட்டா சங்கிலிக்கு நம்மிடம் இரண்டு மரபணுக்கள் உள்ளன. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் பழுதானால் அவர் தலசீமியா 'தாங்குநர்'. மற்றொரு மரபணு வேலையைச் சமாளித்துக்கொள்வதால் அவர் நலமாகவே இருப்பார். படிக்கலாம், ஓடியாடலாம், வேலை செய்யலாம். அவருக்குச் சிகிச்சை தேவையில்லை. பிற்காலத்தில் அது நோயாக முற்றிவிடவும் செய்யாது.

இரண்டு மரபணுக்களும் கடுமையாகப் பழுதானால் அது பீட்டா தலசீமியா மேஜர். பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். கருவில் பயன்பட்ட வேறு வகை ஹீமோகுளோபின் சில மாதங்களுக்குத் துணை நிற்கும். அது குறையக் குறைய, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நோய் வெளிப்படும். குழந்தை வெளிறும், எடை கூடாது, மண்ணீரல் வீங்கி வயிறு பெரிதாகும்.

அக்குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. மிகுதியான இரும்பை வெளியேற்ற நம் உடலுக்கு வழியே கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். எனவே இரும்பை அகற்றும் மருந்தையும் தொடர்ந்து எடுக்க வேண்டும். சிலருக்கு அது தோலுக்கடியில் ஊசி வழியாக இரவெல்லாம் மெதுவாகச் செலுத்தப்படும். இப்போது மாத்திரைகளும் உள்ளன. பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்தால் மாற்று சிகிச்சையால் குணமாக்கலாம். மரபணுவைத் திருத்தும் புதிய சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி வழங்கியது. ஆயினும் அதன் விலை மிகப் பெரிது.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

இரும்பு குறைந்தவருக்கும் தலசீமியா தாங்குநருக்கும் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறித்தான் இருக்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எம்.சி.வி. 80க்குக் கீழும் எம்.சி.எச். 27க்குக் கீழும் இருந்தால் இவ்விரண்டில் எது என்ற கேள்வி எழும். இரும்பு குறைந்தவருக்குச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். தாங்குநருக்கோ எண்ணிக்கை இயல்பாகவோ கூடுதலாகவோ இருப்பது வழக்கம்.

உறுதி செய்ய இரண்டு பரிசோதனைகள் உதவும். ஃபெரிட்டின் அளவு உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். ஹீமோகுளோபின் பகுப்பாய்வு பீட்டா தலசீமியாவைக் காட்டும். ஆல்ஃபா வகைக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது இரும்புக் குறைபாடு தலசீமியாவை மறைத்துவிடக்கூடும் என்பதால், முதலில் இரும்பைச் சரிசெய்து பிறகு மீண்டும் சோதிப்பார்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது நல்லதல்ல.

நான்காம் படிவத்தில் வரும் கடிதம்

2016 முதல் நம் நாட்டில் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. பெற்றோர் சம்மதம் தந்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். அந்தக் கடிதம் சில வீடுகளில் கையெழுத்தாகாமலே திரும்பி வருகிறது. "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இது ஒரு குறையாகிவிடாதா?" என்பதே பல பெற்றோரின் கவலை.

அந்தக் கவலை புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தாங்குநர், தாங்குநர் அல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு மேஜர் நோய் வராது. இருவருமே பீட்டா தாங்குநர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு, தாங்குநராகும் வாய்ப்பு 50 விழுக்காடு, இரண்டும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும்" என்று நினைப்பது தவறு. நாணயத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டுவது போல, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 விழுக்காடுதான். ஹீமோகுளோபின் 'ஈ' என்ற வகையைத் தாங்குபவரும் பீட்டா தாங்குநரும் மணந்தாலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரக்கூடும். இவ்வகை இந்த வட்டாரத்தில் பரவலாக உள்ளது.

தாங்குநர் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மகளிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அன்று இது. மகனிடமும் கேட்க வேண்டும். பரிசோதனை யாரையும் தாங்குநர் ஆக்குவதில்லை. பிறக்கும்போதே இருந்ததை அது சொல்கிறது, அவ்வளவுதான். தெரிந்துகொண்டவர்கள் திருமணத்துக்கு முன்போ, குழந்தை பெறுவதற்கு முன்போ மருத்துவ ஆலோசனை பெறலாம். தெரியாதவர்கள், குழந்தை நோயுற்ற பிறகே அறிந்துகொள்கிறார்கள்.

பள்ளி வயதைக் கடந்தவர்கள் சுகாதார கிளினிக்கில் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் தாங்குநர் என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது அவசியம். அடுத்த முறை "இரத்தம் இல்லை" என்று யாராவது சொன்னால், மாத்திரை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: குறைந்திருப்பது இரும்பா, குளோபினா?