குளத்து நீரும் புள்ளிக் கணக்கும்

பெரியமடுவிலே என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், இப்பொழுது பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பவன், சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தான். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, வகையீட்டுச் சமன்பாட்டுப் பாடத்தின் முதல் நாளன்று விரிவுரையாளர் வகுப்பில் வழங்கிய விதித்தாள். மற்றையது, அவன் எழுதித் திருத்தப்பெற்ற விடைத்தாள். "ஐயா, இவற்றைப் பாருங்கோ" என்றான். வட்டிக் கணக்குக்கு அப்பாற் செல்லாத பண்டிதனிடம் இவற்றை ஏன் கொண்டுவந்தான் என்று வியந்தேன். காரணம் பின்னர்தான் விளங்கிற்று.

வகையீடு என்னும் சொல் என்னை முதலிற் பற்றிக்கொண்டது. தமிழகத்தார் வகைக்கெழுச் சமன்பாடு என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் வகையீடு என்றும் தொகையீடு என்றும் வழங்குகின்றன. தொகையும் வகையும் இலக்கண நூலார் நெடுங்காலம் ஆண்ட சொற்களல்லவா? கலைச்சொல் ஆக்கியவர் எவராயினும் தமிழ் கற்றவரே என்று மகிழ்ந்தேன். பல்கலைக்கழகத்தில் அப்பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கிறது என்று தம்பி சொன்னபோது அம்மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது.

"அது எதைப் பற்றிய கணக்கு?" என்று கேட்டேன். அவன் குளத்தைக் காட்டி விளக்கினான். துருசைத் திறந்தால் நீர் ஓடுகிறது. ஓடும் வேகம் எப்பொழுதும் ஒன்றன்று. நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது மிகுதி, தாழத் தாழக் குறைவு. அவ்வேகம் நீரின் உயரத்தினது வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியராகிய தொரிசெல்லி கண்டார். எனவே மட்டம் தாழும் வேகத்தை அம்மட்டமே முடிவு செய்கிறது. இவ்வாறு ஒரு பொருளையும் அது மாறும் வீதத்தையும் சேர்த்துக் கட்டிய சமன்பாடே வகையீட்டுச் சமன்பாடு. அதனைத் தீர்த்தால் நீர் எப்பொழுது வற்றும் என்று சொல்லிவிடலாம். செங்குத்தான சுவருடைய தொட்டியாயின், ஆழத்தில் முக்காற்பங்கு நீர் வற்ற மொத்த நேரத்தில் அரைவாசியே செல்லும். எஞ்சிய காற்பங்குக்கு மற்றை அரைவாசி நேரம் வேண்டும். கடைமடைக்கு நீர் பாய்ச்சக் காத்திருக்கும் கமக்காரன் இதனைச் சமன்பாடின்றியே அறிவான். மடு என்றாலே நீர் ஆழ்ந்து நிற்கும் இடம். அப்பெயருடைய ஊரிற் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை.

பரீட்சையில் வந்ததும் இக்கணக்கே. மூன்றாம் வரியில் ஒரு சயக் குறியைத் தம்பி தவறவிட்டான். அதன் பயனாக, துருசு திறந்த குளத்தில் நீர் ஏறிக்கொண்டே போயிற்று! திருத்தியவர் விளிம்பில், "நீர் ஏறுமா?" என்று மட்டும் எழுதி, பத்துக்கு ஏழு புள்ளி இட்டிருந்தார். விதித்தாளில் இது முன்னரே சொல்லப்பட்டிருந்தது: வழி சரியாயின் வழிக்குப் புள்ளி உண்டு, ஒரு பிழைக்கு ஒருமுறையே தண்டம், வழி காட்டாத வெறும் விடைக்குப் புள்ளி இல்லை.

எத்தனை புள்ளிக்கு எந்தத் தரம் என்பதும் அத்தாளில் அட்டவணையாக இருந்தது. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு எடுத்தான் என்பதை அது கேட்பதில்லை. "எனக்கு இதுதான் பெரிது, ஐயா" என்றான் தம்பி.

ஏன் பெரிது என்பதை வெளியூரார்க்குச் சொல்லவேண்டும். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையில் எடுத்த புள்ளி நேரே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு செல்வதில்லை. 2001 முதல் இசட் புள்ளி வழக்கில் உள்ளது: பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதை நியம விலகலால் வகுத்துக் காண்பது. அதன்பின், கலைத்துறை போன்றவை நீங்கலாக, இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார் அப்பதினாறில் ஒன்று. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை 2012இல் உயர் நீதிமன்றமே தள்ளியது. அளவுகோலும் பிழைபடும் என்பதற்கு அது சான்று.

மாந்தைப் பக்கத்து ஊர்கள் போரினால் வெறுமையாகி, 2009க்குப் பின்னர் மீளக் குடியேறியவை. கூரையில்லாத வகுப்பிலே தொடங்கிய பிள்ளைகளுக்கு மாவட்டப் பங்கு சலுகை அன்று, நியாயம். ஆயினும் விடுதியில் ஒருவன் நகைத்துக்கொண்டே, "நீ மன்னார் வெட்டுப்புள்ளியில் வந்தவன்தானே?" என்று கேட்டானாம். வகையீட்டுச் சமன்பாட்டு வகுப்பில் மன்னாருக்கொரு ஏ, கொழும்புக்கொரு ஏ என்று இல்லை. வாயில் வேறாகலாம், அளவு ஒன்றே. கேம்பிரிட்ஜில்கூடக் கணித மாணவரை முதல்வன், இரண்டாமவன் என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909உடன் நின்றது. நிறுத்த முயன்றோருள் இராமானுசனைப் போற்றிய ஹார்டியும் ஒருவர்.

விதித்தாள் முழுவதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. 80 சதவீத வரவு வேண்டும் என்பது தகும். பிந்திய ஒப்படை ஏற்கப்படாது என்பதும் ஆகுக. வாக்கிய பஞ்சாங்கம்போல நாள் குறித்தபின் மாற்றுவது அழகன்று. ஆனால் பரீட்சைக்கு வராதவன் மருத்துவச் சான்றிதழ் மட்டுமே காட்டலாம் என்கிறது அத்தாள். மாரி வெள்ளத்தில் பாதை மூடி, ஊருக்கு வந்த தம்பி திரும்ப முடியாமல் இரண்டாம் பரீட்சையைத் தவறவிட்டான். பத்துப் புள்ளி போயிற்று. உடம்புக்கு வந்த காய்ச்சலை ஏற்கும் விதி, பாதைக்கு வந்த வெள்ளத்தை ஏன் ஏற்கக் கூடாது? கிராம அலுவலரின் கடிதம் மருத்துவரின் கடிதத்துக்கு எவ்வாற்றாற் குறைந்தது?

இதைச் சற்று உரத்தே சொன்னேன் போலும். தம்பி சிறிது நேரம் பேசாதிருந்து, பின் மெல்லச் சிரித்தான். "ஐயா, பத்தாந் தரத்தில் நீங்கள் எனக்கு அலகிடுதலுக்குப் பூச்சியம் போட்டது ஞாபகமோ?"

ஞாபகம் வந்தது. வெண்பாவொன்றைச் சீர் பிரித்து அசையும் தளையும் காட்டக் கேட்டிருந்தேன். அவன் முதலடியிலேயே ஒரு நேரசையை நிரையசை என்று பிழையாகக் கொண்டான். அப்பிழையால் அடுத்த தளையும் தவறிற்று. மற்றை மூன்றடிகளும் பழுதின்றி இருந்தன. நான் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பூச்சியம் இட்டேன். என் ஆசிரியரும் எனக்கு அவ்வாறே இட்டவர். அதுவே கண்டிப்பு என்று நம்பியிருந்தேன். அப்பிழை எங்கே தொடங்கிற்று என்று நான் அவனுக்குக் காட்டவே இல்லை.

"அன்றைக்குத்தான் தமிழை விட்டுவிட்டுக் கணக்குக்குப் போனேன்" என்று அவன் விளையாட்டாகவே சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

சென்ற கிழமை பத்தாந் தரத்து விடைத்தாள்களைத் திருத்தினேன். ஒரு பிள்ளை இரண்டாம் சீரில் தளையைத் தவறவிட்டிருந்தாள். அவ்விடத்தில் வட்டமிட்டு, "இங்கே பார்" என்று எழுதி, ஐந்துக்கு நாலு இட்டேன்.